பாலைவனமும் பவுன் காசும்: முதல் எண்ணெய் உடன்படிக்கைகள் தரும் படிப்பினை



தம்மாம், ஜுபைல், குவைத், பஹ்ரைன் ஆகிய ஊர்ப் பெயர்கள் நம் இல்லங்களில் அன்றாடம் புழங்குபவை. தந்தையோ, கணவரோ, மகனோ அங்கே உழைத்து அனுப்பிய பணத்தில் கட்டப்பட்ட வீடுகள் நம் தெருக்களில் ஏராளம். ஆனால் அந்த மண்ணின் அடியில் கிடந்த செல்வம் முதன்முதலில் எந்த நிபந்தனைகளின் பேரில், யாருக்கு, எவ்வளவு காலத்திற்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிந்ததில்லை. எண்ணெய் பொங்கிய கதையை அறிந்தவர்களும், அதற்கு முன் ஒரு மேசையைச் சுற்றி நடந்த பேரத்தின் கதையை அறிவதில்லை. இனி வந்த பல்லாண்டுகளுக்கு யார் வாழ்வது, யார் வாடுவது என்பதை முடிவு செய்தது அந்தப் பேரம்தான்.

கையெழுத்திட்ட கை சுதந்திரமாக இருந்ததா? பேரம் பேச ஒருவர் மட்டும் வந்தாரா, இருவர் வந்தனரா? எழுதியதைப் பின்னாளில் சரிபார்க்கும் அறிவு கையெழுத்திட்டவரிடம் இருந்ததா? இந்த மூன்று கேள்விகளையும் மனதில் நிறுத்திக்கொண்டு அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

பாரசீகத்தில் தொடங்கிய கதை

1901ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், பாரசீக மன்னர் முழஃப்பருத்தீன் ஷா, வில்லியம் நாக்ஸ் டார்சி என்னும் செல்வந்தருக்கு ஓர் உரிமைப் பத்திரம் வழங்கினார். ரஷ்ய எல்லையை ஒட்டிய வடக்கு மாகாணங்கள் ஐந்தைத் தவிர, ஏனைய பாரசீகம் முழுவதிலும் எண்ணெய் தேடவும் எடுக்கவும் விற்கவும் அவருக்கு 60 ஆண்டு உரிமை. பரப்பளவு ஏறக்குறைய 4,80,000 சதுர மைல். இதற்கு ஈடாக மன்னரின் அரசுக்குக் கிடைத்தவை ரொக்கமாக 20,000 பவுன், பங்குகளாக 20,000 பவுன், ஆண்டுதோறும் நிகர இலாபத்தில் நூற்றுக்குப் பதினாறு.

நிகர இலாபத்தில் பங்கு என்பது கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் நிகர இலாபம் எவ்வளவு என்று கணக்கெழுதுவது யார்? நிறுவனம்தான். எந்தச் செலவைக் கழிப்பது, எந்தக் கிளை நிறுவனத்தின் வருமானத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதெல்லாம் இலண்டனில் முடிவாயின. 1908இல் மஸ்ஜிதே சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. 1909இல் ஆங்கிலோ பாரசீக எண்ணெய் நிறுவனம் உருவானது. 1914இல் பிரிட்டிஷ் அரசே சுமார் 22 லட்சம் பவுன் முதலீடு செய்து அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. அன்று முதல் வணிகரும் பேரரசும் ஒரே மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்தனர். எதிர்ப்பக்கத்தில் தனித்து அமர்ந்திருந்தது பாரசீகம்.

உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது, 1931இல் பாரசீகத்தின் பங்கு முந்திய ஆண்டில் கிடைத்ததில் கால்வாசி அளவுக்குச் சுருங்கியது. சினம் கொண்ட ரிஸா ஷா 1932இல் அந்த உரிமையை இரத்து செய்தார். ஆனால் மறு ஆண்டே புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. பரப்பு குறைந்தது, டன்னுக்கு நான்கு ஷில்லிங் என்ற கணக்கு வந்தது. எனினும் 1961இல் முடிய வேண்டிய காலம் 1993 வரை நீண்டுவிட்டது. கோபம் பத்திரத்தைக் கிழித்தது. ஆனால் புதிய பத்திரத்தை எழுதும்போது காலக்கெடு என்ற இடத்தில் கவனம் தவறியது.

வளைகுடாவில் பூட்டப்பட்ட கதவுகள்

அரபு நாடுகளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் வேறொரு வழியைக் கையாண்டனர். அங்கே எண்ணெய் உண்டா இல்லையா என்று தெரிவதற்கு முன்பே கதவுகளைப் பூட்டிச் சாவியைத் தம் கையில் வைத்துக்கொண்டனர். 1913ஆம் ஆண்டு குவைத்தின் ஷைகு முபாரக், பிரிட்டிஷ் அரசு குறிப்பிடும் ஒருவரைத் தவிர வேறு எவருக்கும் எண்ணெய் உரிமை தருவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். 1914இல் பஹ்ரைனும் அத்தகைய வாக்குறுதியை அளித்தது. 1915ஆம் ஆண்டு டிசம்பரில் நஜ்தின் ஆட்சியாளர் அப்துல் அஜீஸ் இப்னு சுஊத் செய்துகொண்ட தாரீன் உடன்படிக்கையும், பிரிட்டனின் சம்மதமின்றித் தம் நிலத்தை அந்நியருக்குக் குத்தகைக்கோ உரிமைக்கோ விடமாட்டேன் என்ற நிபந்தனையைக் கொண்டிருந்தது. அதற்குப் பகரமாக அவருக்கு ஆயுதமும், பின்னர் மாதம் 5,000 பவுன் உதவித்தொகையும் கிடைத்தன.

இந்த நிலையில்தான் 1922ஆம் ஆண்டின் இறுதியில் உகைர் துறைமுகத்தில் அந்தப் புகழ்பெற்ற மாநாடு நடந்தது. பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் பெர்சி காக்ஸ் பென்சிலை எடுத்து நஜ்து, இராக், குவைத் எல்லைகளை வரைபடத்தில் கோடிட்டுக் காட்டினார். அதே கூடாரங்களுக்கிடையே, நியூசிலாந்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஹோம்ஸ் என்பவரும் அல்அஹ்ஸா பகுதியின் எண்ணெய் உரிமையைக் கேட்டு நின்றார். அவர் ஒரு சிறிய இலண்டன் நிறுவனத்தின் பிரதிநிதி. காக்ஸ் அதை விரும்பவில்லை. அவசரப்பட வேண்டாம் என்று மன்னருக்கு நெருக்கடி கொடுத்தார்.

எனினும் 1923இல் ஹோம்ஸ் அந்த உரிமையைப் பெற்றார். 30,000 சதுர மைலுக்கும் மேற்பட்ட நிலத்திற்கு ஆண்டு வாடகை 2,500 பவுன். இரண்டு ஆண்டுகள் பணம் வந்தது. அதன்பின் நின்றுவிட்டது. அந்த உரிமையை வாங்க எந்தப் பெரிய நிறுவனமும் முன்வராததால் ஹோம்ஸின் நிறுவனம் கையறு நிலையில் இருந்தது. 1928இல் உடன்படிக்கை காலாவதியானதாக அறிவிக்கப்பட்டது. சிறு தொகைக்குப் பெருநிலம் ஐந்தாண்டு முடங்கிக் கிடந்தது. ஆனால் அந்த இழப்பே பிற்பாடு இலாபமாயிற்று. பெரிய பேரம் வந்தபோது அல்அஹ்ஸா யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தது.

அதைவிட முக்கியமானது 1927ஆம் ஆண்டு மே மாதம் கையெழுத்தான ஜித்தா உடன்படிக்கை. அதன் மூலம் பிரிட்டன் இப்னு சுஊதின் முழுச் சுதந்திரத்தை ஏற்றது. தாரீன் உடன்படிக்கையும் அதிலிருந்த பூட்டும் நீங்கின. சகோதரர்களே, இதைக் கவனியுங்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின் நடக்கவிருந்த எண்ணெய்ப் பேரத்தில் அவருடைய கை கட்டப்படாமல் இருந்ததற்குக் காரணம் இந்த உடன்படிக்கைதான். குவைத்துக்கும் பஹ்ரைனுக்கும் அந்த வாய்ப்பு கிட்டவில்லை.

வறண்ட கருவூலம்

1930களின் தொடக்கத்தில் ஹிஜாஸின் பெரும் வருவாய் ஹஜ் பயணிகளிடமிருந்து வந்ததேயாகும். உலக மந்தத்தால் நம் இந்தியாவிலும் ஜாவாவிலும் எகிப்திலும் மக்களின் கையில் பணம் வற்றியது. 1920களின் பிற்பகுதியில் ஒரு லட்சத்தை எட்டியிருந்த வெளிநாட்டு ஹாஜிகளின் தொகை நாற்பதாயிரத்திற்கும் கீழே இறங்கியது. அதிகாரிகளின் ஊதியம் நின்றது. வணிகர்களுக்குத் தர வேண்டிய கடன் ஏறியது. கோத்திரத் தலைவர்களுக்கு அளித்துவந்த கொடையை நிறுத்தினால் நாட்டின் ஒற்றுமையே குலையும் என்ற அச்சம் மன்னரை வாட்டியது. 1932ஆம் ஆண்டு செப்டம்பரில் சுஊதி அரபிய்யா என்ற பெயரில் இராச்சியம் அறிவிக்கப்பட்டபோது, பெயர் புதியதாக இருந்தது. கருவூலமோ காலியாக இருந்தது.

1931இல் சார்லஸ் கிரேன் என்ற அமெரிக்கச் செல்வந்தர் ஜித்தாவுக்கு வந்து மன்னரைச் சந்தித்திருந்தார். தண்ணீர் தேடித் தருவதற்காகக் கார்ல் ட்விட்செல் என்ற பொறியாளரை அவர் தம் செலவில் அனுப்பினார். தண்ணீர் போதிய அளவில் கிட்டவில்லை. ஆனால் கிழக்குப் பகுதியின் பாறையமைப்பு ட்விட்செலின் கண்ணில் பட்டது. 1932இல் அருகிலுள்ள பஹ்ரைனில் கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் எண்ணெய் கண்டதும், எதிர்க்கரையில் உள்ள அல்அஹ்ஸாவின் மதிப்பு ஒரே நாளில் மாறிவிட்டது.

ஜித்தாவின் மூன்று மாதங்கள்

1933ஆம் ஆண்டு பிப்ரவரியில் கலிபோர்னிய நிறுவனத்தின் வழக்கறிஞர் லாயிட் ஹாமில்டன், ட்விட்செலுடன் ஜித்தாவில் வந்து இறங்கினார். பிரிட்டிஷார் பெரும்பங்கு வகித்த இராக் பெட்ரோலியம் நிறுவனத்தின் சார்பில் ஸ்டீபன் லாங்ரிக் வந்தார். மன்னரின் சார்பில் பேசியவர் நிதியமைச்சர் அப்துல்லாஹ் அஸ்ஸுலைமான். இளமையில் பம்பாயில் பணியாற்றி வணிகத்தின் நுணுக்கங்களைக் கற்றவர் அவர். எண்ணெயைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் வாங்க வந்தவனின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

இவர்களுக்கிடையே இன்னொருவரும் இருந்தார். 1930இல் இஸ்லாத்தைத் தழுவி, மன்னரின் அவையில் இடம்பெற்றிருந்த ஆங்கிலேயர் ஃபில்பி. எல்லாத் தரப்பினரும் அவரிடம் ஆலோசனை கேட்டனர். பிரிட்டிஷ் தரப்பினர் அவரைத் தம்மவர் என்றே எண்ணினர். அவரோ மாதம் 1,000 டாலர் ஊதியத்திற்குக் கலிபோர்னிய நிறுவனத்தோடு இரகசியமாக உடன்பட்டிருந்தார். ஆலோசகர் என்று நாம் நம்பும் ஒருவர் வேறு எவரிடம் கூலி பெறுகிறார் என்பதைக் கேட்டறிவது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

அப்துல்லாஹ் அஸ்ஸுலைமான் கேட்ட முன்பணம் ஒரு லட்சம் தங்கப் பவுன். லாங்ரிக்கின் நிறுவனம் 10,000 பவுன் அளவைத் தாண்ட முன்வரவில்லை. காரணம் எளிது. 1927இல் கிர்குக்கில் எண்ணெய் கண்டிருந்த அவர்களுக்கு இராக்கிலேயே எண்ணெய் மிஞ்சிக் கிடந்தது. அரபு மண்ணிலிருந்து மேலும் எண்ணெய் எடுப்பது அவர்களின் நோக்கமன்று. வேறு எவரும் எடுத்துவிடாமல் தடுப்பதே நோக்கம். கலிபோர்னிய நிறுவனத்திற்கோ எண்ணெய் தேவைப்பட்டது. நிலத்தைப் பூட்டி வைக்க வந்தவன் குறைவாகவே தருவான். உழுது பயிரிட வந்தவன் கூடுதலாகத் தருவான். இந்த வேறுபாட்டை அமைச்சர் உணர்ந்துகொண்டார்.

இறுதியில் 1933ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் ஜித்தாவின் குஸாம் மாளிகையில் உடன்படிக்கை கையெழுத்தானது.

என்ன எழுதினார்கள்?

இந்தப் பத்திரத்தின் உள்ளே சற்று நுழைந்து பார்ப்போம். நிலப்பரப்பு ஏறக்குறைய 3,60,000 சதுர மைல். நம் தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு. காலம் 60 ஆண்டுகள். உடனடியாக 35,000 தங்கப் பவுன். அதில் 30,000 கடன், 5,000 முதலாண்டு வாடகை. பதினெட்டு மாதம் கழித்து மேலும் 20,000 பவுன் கடன். வணிக அளவில் எண்ணெய் கிடைத்தால் 50,000 பவுன், அடுத்த ஆண்டு மீண்டும் 50,000 பவுன் முன்பணம். எடுக்கும் எண்ணெயில் டன் ஒன்றுக்கு நான்கு தங்க ஷில்லிங் உரிமைத்தொகை. கடனை எண்ணெய் வருவாயிலிருந்து மட்டுமே கழித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் கிடைக்காவிட்டால் நாடு அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

நான்கு தங்க ஷில்லிங் என்றால் எவ்வளவு? நம் இல்லத்துப் பெண்களுக்கு இது எளிதில் விளங்கும். நகைக் கடையில் நாம் சவரன் என்றும் பவுன் என்றும் சொல்வது இங்கிலாந்தின் அதே தங்க நாணயத்தின் பெயரைத்தான். அதன் எடை ஏறத்தாழ 8 கிராம். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். ஆக, நான்கு ஷில்லிங் என்பது ஒரு பவுனில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 1.6 கிராம் தங்கம். பூமியின் அடியிலிருந்து ஒரு டன், அதாவது ஏழு பீப்பாய்க்கும் சற்று அதிகமான எண்ணெய் போனால், மண்ணுக்குரியவர்களின் கையில் வந்து சேர்வது இவ்வளவே.

ஆயினும் அந்தப் பத்திரத்தில் மூன்று நல்ல சொற்கள் இருந்தன. முதலாவது ‘டன்’. பாரசீகத்தைப் போல நிகர இலாபத்தில் பங்கு என்று கேட்டு, நிறுவனத்தின் கணக்கேட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை. எடுத்த எண்ணெயை அளந்தால் போதும். இரண்டாவது ‘தங்கம்’. காகிதப் பணத்தின் மதிப்பு சரிந்தாலும் உரிமைத்தொகை சரியாது. மூன்றாவது, நாட்டின் நிர்வாக, அரசியல், மார்க்க விவகாரங்களில் நிறுவனமோ அதன் ஊழியரோ தலையிடக் கூடாது என்ற விதி. அண்டை நாடுகளில் வணிகரின் பின்னாலேயே அந்நிய ஆட்சி நுழைந்ததைக் கண்டிருந்த மன்னர், இதனைப் பத்திரத்திலேயே இடம்பெறச் செய்தார்.

தங்கம் என்ற சொல்லின் அருமை உடனே தெரிந்தது. 1933 ஏப்ரலில் அமெரிக்கா தங்க ஏற்றுமதிக்குத் தடை விதித்திருந்தது. நிறுவனம் தன் அரசிடம் விதிவிலக்கு கேட்டது. கிடைக்கவில்லை. இறுதியில் இலண்டனில் 35,000 தங்க நாணயங்களைத் திரட்டி, ஏழு பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினர். மொத்த எடை ஏறக்குறைய 280 கிலோ. அரசியின் உருவம் பொறித்த காசை அரபு நாட்டில் குறைவாக மதிப்பார்களோ என்று அஞ்சி, அரசர் உருவம் உள்ள காசுகளையே பொறுக்கி எடுத்தார்களாம். ஆகஸ்டு மாதம் ஜித்தாவிலுள்ள டச்சு வங்கியில் அவை ஒவ்வொன்றாக எண்ணப்பட்டு ஒப்படைக்கப்பட்டன.

என்ன எழுதாமல் விட்டார்கள்?

அந்தப் பத்திரத்தில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். எண்ணெயின் விலை உலகச் சந்தையில் உயர்ந்தால் உரிமைத்தொகையும் உயரும் என்று ஒரு வரி இல்லை. மாறாக, நிறுவனத்திற்கு எல்லா வரிகளிலிருந்தும் சுங்கத்திலிருந்தும் விலக்கு இருந்தது. சுஊதி மக்களை இயன்றவரை வேலைக்கு அமர்த்த வேண்டும் என்றிருந்தது. ஆனால் நிர்வாகமும் மேற்பார்வையும் அமெரிக்கரிடமே என்றும் எழுதியிருந்தது.

இதற்காக மன்னரைக் குறைகூறி முடித்துவிடுவது நியாயமன்று. ஊதியமின்றி வாடும் ஊழியரும், கொடைக்காகக் காத்திருக்கும் கோத்திரங்களும் வாசலில் நிற்க, மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாத நிலையில் எழுதப்பட்ட பத்திரம் அது. நிறுவனத்திற்கும் அது ஆபத்தான முதலீடே. ஐந்து ஆண்டுகள் தேடியும், கிணறு மேல் கிணறாகத் தோண்டியும், 1938 மார்ச்சில் தம்மாம் ஏழாம் எண் கிணற்றில்தான் எண்ணெய் வளமாகப் பொங்கியது. ஆனால் தெரியாத ஒன்றை 60 ஆண்டுகளுக்கு ஒரே விலையில் எழுதிக் கொடுப்பதில், ஆபத்து நிறுவனத்திற்குச் சில ஆண்டுகள்தாம். நாட்டிற்கோ இரண்டு தலைமுறைகள்.

குவைத்தின் நிலையைப் பாருங்கள். அங்கும் முதலில் ஷைகு அஹ்மத் அல்ஜாபிர், அமெரிக்க நிறுவனத்தையும் ஆங்கிலோ பாரசீக நிறுவனத்தையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டுத் திறமையாகப் பேரம் பேசினார். ஆனால் 1933 டிசம்பரில் அந்த இரு நிறுவனங்களும் ஒன்றுசேர்ந்து சரிபாதிப் பங்கில் குவைத் எண்ணெய் நிறுவனமாயின. போட்டி முடிந்தது. பூட்டின் சாவியோ பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் இருந்தது. 1934 டிசம்பர் 23இல் முழுக் குவைத்தும் 75 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. அதன் தொகைகள் அன்று வளைகுடாவில் புழங்கிய நம் இந்திய ரூபாயில் எழுதப்பட்டன. கையெழுத்திட்டபோது ஒரு தொகை, பின்னர் டன்னுக்கு மூன்று ரூபாய். தங்கம் என்ற சொல் அங்கே இல்லை.

கணக்கு தெரிந்த தலைமுறை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உண்மை வெளிச்சத்திற்கு வந்தது. 1944 முதல் அரம்கோ என்று பெயர் பெற்ற அந்நிறுவனம், 1949ஆம் ஆண்டில் சுஊதி அரசுக்குக் கொடுத்தது சுமார் 3 கோடி 90 லட்சம் டாலர். அமெரிக்க அரசுக்கு வரியாகக் கட்டியதோ சுமார் 4 கோடி 30 லட்சம் டாலர். மண்ணுக்குரியவரைவிட, வாங்கியவரின் நாட்டுக் கருவூலம் அதிகம் பெற்றது. இதற்குள் வெனிசுலா நாடு இலாபத்தில் பாதி என்ற முறையைச் சட்டமாக்கி, அதன் விவரங்களை அரபியில் மொழிபெயர்த்து மத்திய கிழக்குக்குத் தூதுக்குழுவையும் அனுப்பியிருந்தது. விழித்துக்கொண்ட சுஊதி அரசு 1950 நவம்பரில் வருமான வரி ஆணை பிறப்பித்தது. டிசம்பர் 30ஆம் நாள் இலாபத்தில் சரிபாதி என்ற புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது.

ஒப்பந்தத்தைக் கிழித்தெறியாமல், கணக்கைக் கற்று, நியாயத்தைக் காட்டி, பேசித் திருத்திய முறை இது. அதே காலத்தில் ஈரானில் நிறுவனம் விட்டுக்கொடுக்க மறுத்தது. 1951இல் எண்ணெய் நாட்டுடைமையானது. 1953இல் பிரிட்டனும் அமெரிக்காவும் பின்னின்று நடத்திய சதியில் பிரதமர் முஸத்திக் வீழ்த்தப்பட்டார்.

மூன்றாவது கேள்விக்கு விடையாக வந்தவர் அப்துல்லாஹ் அத்தரீகி. நஜ்திலிருந்து சென்று கெய்ரோவிலும் அமெரிக்காவின் டெக்சாஸிலும் கற்று, 1948இல் நாடு திரும்பிய அவர், நிறுவனத்தின் கணக்கையும் அறிக்கைகளையும் அதன் மொழியிலேயே படித்துக் கேள்வி கேட்டார். 1960இல் நாட்டின் முதல் எண்ணெய் அமைச்சரானார். அதே ஆண்டு செப்டம்பரில் பக்தாதில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் உருவாக உழைத்தவர்களில் முன்நின்றார். 1973இல் கால்பங்கும், 1974இல் அறுபது விழுக்காடும், 1980இல் முழுப் பங்கும் சுஊதி அரசின் கைக்கு வந்தன. 1933இல் 60 ஆண்டுகளுக்கென எழுதிக் கொடுத்தது 47 ஆண்டுகளில் திரும்பியது. அதற்குப் படையும் தேவைப்படவில்லை. படிப்பும் பொறுமையும் போதுமாயின.

நமக்கான படிப்பினை

அன்பானவர்களே! கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியோடு எழுதுமாறும் கட்டளையிடும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். அதன் அருமையை இந்த வரலாறு நமக்குப் புரியவைக்கிறது. எழுதுவது மட்டும் போதாது. எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம், எத்தனை ஆண்டுக்கு எழுதுகிறோம் என்பதைத் தெரிந்து எழுத வேண்டும்.

கடல் கடந்து வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள், தமக்குத் தெரியாத மொழியில் உள்ள ஒப்பந்தத்தில் அவசரத்தில் கையெழுத்திடுகின்றனர். கடன் நெருக்கும் நேரத்தில் குடும்ப நிலத்தை நீண்ட குத்தகைக்கு எழுதிக் கொடுப்போரும் நம்மிடையே உண்டு. அவர்கள் பேனாவை எடுக்கும் முன், ஜித்தாவின் அந்த மேசையை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். என் கை கட்டப்படாமல் இருக்கிறதா? வேறொருவரிடமும் விலை கேட்டேனா? இதைப் படித்து விளக்க நம்பகமான ஒருவர் என் அருகில் இருக்கிறாரா?

இந்த மூன்றில் கடைசிக் கேள்விக்குரிய விடையை நாம் இன்றே நம் இல்லங்களில் உருவாக்க முடியும். ஒரு தலைமுறை வறுமையில் எழுதிக் கொடுத்ததை, அடுத்த தலைமுறை கல்வியால் மீட்டது. நம் பிள்ளைகளுக்கு நாம் சேர்த்து வைக்கும் பவுன்களைவிட, ஒரு பத்திரத்தைப் படித்து அதன் கணக்கைக் கேட்கத் தெரிந்த அறிவு மதிப்புமிக்கது. அத்தகைய அறிவை நம் சந்ததிகளுக்கு வல்ல நாயன் வழங்குவானாக! ஆமீன்.